கை எட்டாத முழங்கால்: தொலைவழி இயன்மருத்துவம் தொடங்கும் புதியவர்களுக்கு

புதிதாக நியமனம் பெற்று வரும் இயன்மருத்துவர்கள் (பிசியோதெரபிஸ்ட்கள்) தொலைபேசியிலும் காணொளியிலும் தரும் தொலைவழிச் சிகிச்சை பற்றி என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் செயலி நல்லது என்பதைத்தான். வைத்தியசாலை ஒரு செயலியைத் தந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தராவிட்டால், நோயாளியின் பேரனுடைய கைத்தொலைபேசியில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதுவே நல்லது. கொழும்பில் அது பெரும்பாலும் வாட்ஸ்அப். இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நேரம் செலவழிக்க வேண்டிய கேள்வி வேறு. தொட்டுப் பார், அழுத்திப் பார், பிடித்து நகர்த்து என்றுதான் நமக்குத் தொழில் கற்றுத் தந்தார்கள். மட்டக்குளியில் இருக்கும் முழங்காலை மருதானையில் இருந்துகொண்டு எப்படித் தொடுவது? தொட முடியாது. தொடும் வேலையை இரண்டு பொருள்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்: ஒன்று உங்கள் நாக்கு, மற்றது அந்த வீட்டில் இருக்கும் இன்னொருவருடைய கைகள். கீழே நான் சொல்லும் படிகள் எல்லாமே இந்த இரண்டையும் தயார்படுத்துவதற்குத்தான்.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டபோது பலரும் வேறு வழியின்றித் தொலைபேசியில் பயிற்சி சொல்லத் தொடங்கினோம். 2022இல் பெட்ரோல் வரிசை நீண்டபோது மறுபடியும் அதே கதை. இப்போது ஊரடங்கும் இல்லை, வரிசையும் இல்லை. ஆனால் நான்காம் மாடியில் லிஃப்ட் வேலை செய்யாத தொடர்மாடி வீட்டில் இருந்து, முழங்கால் தேய்ந்த ஓர் அம்மா இறங்கி, ஓட்டோ பிடித்து, கிளினிக் வாங்கில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து, இருபது நிமிடச் சிகிச்சை பெற்று, மறுபடியும் அந்த நான்கு மாடியையும் ஏற வேண்டும். வந்த வலியைவிடப் போகும் வலி அதிகம். வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஓட்டோ இலவசமில்லை.

முதலில் யாரைத் தெரிவு செய்வது

எல்லோரையும் திரைக்கு மாற்ற முயலாதீர்கள். முதல் மாதம் மூன்று அல்லது நான்கு பேர் போதும். முழங்கால் தேய்வு, நாட்பட்ட நாரி (கீழ் முதுகு) வலி, நீரிழிவுக்காரரின் உறைந்த (இறுகி அசையாமல் போன) தோள், சத்திரசிகிச்சைக்குப் பின் நிலை சீரான முழங்கால் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. 2024இல் லான்செட் இதழில் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று நாட்பட்ட முழங்கால் வலியுள்ள 394 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நேரிலும் மற்றப் பிரிவினருக்குக் காணொளியிலும் இயன்மருத்துவம் தந்து பார்த்தது. மூன்று மாத முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் காணொளிப் பிரிவு பின்தங்கவில்லை. அங்கே இருக்கிற இணைய வேகமும் தனி அறையும் நம் நோயாளிக்கு இருக்காது என்பது உண்மை. ஆனால் முழங்காலுக்கு நாம் தரும் முக்கியமான மருந்து பயிற்சிதான், அதைத் தருவதற்குத் தொட வேண்டிய அவசியம் குறைவு என்பதை அந்த முடிவு காட்டுகிறது.

சளி எடுக்க வேண்டிய நெஞ்சுச் சிகிச்சை, புதிதாக வந்த பாரிசவாதம், அடிக்கடி விழுகிறவர், சொன்னதை நினைவில் வைக்க முடியாதவர், வீட்டில் துணைக்கு யாருமே இல்லாதவர் ஆகியோரை நேரில்தான் பார்க்க வேண்டும். பாரிசவாதம் வந்து சில மாதங்கள் கடந்து, வீட்டாரும் பழகிய பின்னர், நேர்ச் சந்திப்புகளுக்கு இடையில் தொலைபேசி உதவும்.

முதல் சந்திப்பு எப்போதும் நேரில் இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு முறையாவது அந்த மூட்டைத் தொட்டிருந்தால், பிறகு திரையில் வீக்கத்தைப் பார்க்கும்போது கை ஞாபகம் வைத்திருக்கும். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்துவிட்டு ஹற்றனுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்புகிறவர்களுக்கு இந்தச் சேவையால் மற்றவர்களைவிட அதிக நன்மை உண்டு. அவர்களை வாட்டில் இருக்கும்போதே பிடித்துவிடுங்கள். கட்டிலில் வைத்தே ஒரு முறை அழைத்துப் பழக்கிவிட்டு, அவர்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கும் ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். வீட்டுக்குப் போனபின் தொலைபேசியில் முதல் பாடம் நடத்துவது இரண்டு பேருக்கும் தண்டனை.

அனுமதியும் இலக்கமும்

அனுப்பிய விசேட வைத்திய நிபுணருக்கும் உங்கள் பிரிவுப் பொறுப்பாளருக்கும் தெரியாமல் தொடங்காதீர்கள். நாம் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு பெற்றவர்கள். தொலைபேசியில் சொன்னதற்கும், கட்டிலருகே நின்று சொன்னதற்கு இருக்கும் அதே பொறுப்பு உண்டு.

நோயாளியின் சம்மதத்தை அவருடைய மொழியில் கேட்டு, பதிவில் எழுதுங்கள். எதற்குச் சம்மதம் என்று பிரித்துச் சொல்லுங்கள்: அழைப்புக்கு, காணொளிக்கு, வீட்டார் ஒருவர் அருகில் இருப்பதற்கு. அழைப்பின் ஒலியையோ படத்தையோ பதிவு செய்யப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாகக் கருதுகிறது. காயத்தின் படம் ஒன்று வந்தால் அதைப் பார்த்து, பதிவில் விவரித்து, தொலைபேசியில் இருந்து அழித்துவிடுங்கள். உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் இன்னொருவருடைய தையல் போட்ட முழங்கால் கிடக்கக் கூடாது.

சொந்த இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். இரவு பத்தரைக்குக் குதிக்கால் படங்கள் வரத் தொடங்கின. கீழே ஒரு வரி: "மிஸ், இது வீக்கமா, இல்லை எப்போதும் இப்படித்தானா?" பிரிவுக்கென ஒரு தொலைபேசி, அழைப்புக்கென இரண்டு நாள், அந்த நாளில் குறித்த நேரம் என்று ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். நோயாளியை நீங்கள்தான் அழைக்க வேண்டும். நோயாளியின் ரீலோட் காசில் சிகிச்சை நடக்கக் கூடாது.

நேரம் குறிக்கும்போது தொலைபேசியின் சொந்தக்காரர் யார் என்று கேளுங்கள். மகன் காலை ஏழரைக்கு அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார் என்றால், உங்கள் பத்து மணி அழைப்பு அவருடைய கந்தோரில்தான் ஒலிக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம், பின்னேரம் பிள்ளைகளின் ரியூஷன் நேரம், இரவுத் தொலைக்காட்சித் தொடர் ஆகிய மூன்றையும் தவிர்த்தால் வருகை கூடும். தொடரைத் தவிர்க்கச் சொல்வது விளையாட்டுக்கு என்று நினைக்காதீர்கள்.

அழைப்பின் முதல் இரண்டு நிமிடம்

பெயர், பிறந்த ஆண்டு, கிளினிக் கொப்பி இலக்கம். பிறகு, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" இந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். கொட்டாஞ்சேனை முகவரிதான் கோப்பில் இருக்கும், ஆனால் அன்றைக்கு அவர் வத்தளையில் மகள் வீட்டில் இருப்பார். நடுவில் நெஞ்சு வலி வந்தாலோ விழுந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு நீங்கள் சொல்லப்போவது எந்த முகவரியை? மாடி இலக்கம், அருகில் உள்ள கோயிலோ பள்ளிவாசலோ, அவசரத்துக்கு இன்னொரு தொலைபேசி இலக்கம் ஆகியவற்றையும் எழுதிக்கொண்ட பிறகே "வலி எப்படி?" என்று கேளுங்கள்.

பின்னர், அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். திரையில் ஒருவர்தான் தெரிவார், ஒலிபெருக்கியில் ஆறு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாரி வலிக்காரரிடம் சிறுநீர் போவதில் தடையா, மலம் அடக்க முடியவில்லையா, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் விறைத்திருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். மகனும் மருமகளும் சுற்றி நிற்கும்போது எந்த அம்மாவும் அதற்கு உண்மை சொல்லமாட்டார். ஒலிபெருக்கியை நிறுத்தி, தொலைபேசியைக் காதில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்வியை அமைத்துக் கேளுங்கள். "ஓம், ஓம், இல்லை" என்று அவர் சொல்வது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தேங்காய் விலை பேசுவது போலத்தான் கேட்கும். அந்த மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்று வந்தால் பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே வைத்தியசாலை.

வலியின் சொற்கள்

இந்த இடத்தில்தான் உங்கள் நாக்குக்கு வேலை. வலி என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். நம் சனங்களிடம் வலிக்கு நிறையச் சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு தகவல். உளைவு என்பது ஆழத்தில் தொடர்ந்து இருப்பது. களைத்த தசையையும் தேய்ந்த மூட்டையும் பற்றிச் சொல்லும்போது இச்சொல் அடிக்கடி வரும். குத்து என்பது ஓர் அசைவில் சட்டென வருவது. எரிவும் விறைப்பும் நரம்பைப் பற்றி உங்களை யோசிக்க வைக்க வேண்டும். விறைப்பு என்று ஒருவர் சொன்னால், உணர்ச்சி குறைந்திருக்கிறதா, மூட்டு மடங்காமல் இறுகியிருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவார்கள், இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

இடத்தின் பெயரிலும் குழப்பம் உண்டு. யாழ்ப்பாணத்தவர் நாரி என்பதை மலையகத்தவர் இடுப்பு என்பார். சிலருக்கு இடுப்பு என்றால் தொடை எலும்பு சேரும் மூட்டு. ஒருமுறை மூன்று வாரம் ஒருவரின் நாரிக்குப் பயிற்சி கொடுத்தேன், பிறகுதான் அவருடைய வலி இடுப்பு மூட்டில் என்பது தெரிந்தது. அவர் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி, இருவரும் வேறு வேறு இடத்தில் நின்றோம். அதன்பிறகு, "ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று கேட்காமல் எந்த இடத்தையும் எழுதுவதில்லை. காணொளி இல்லாவிட்டால் துணைக்கு இருப்பவரிடம், "அவர் எங்கே விரல் வைத்திருக்கிறார், பெல்ட்டுக்கு மேலா கீழா?" என்று கேளுங்கள்.

துணையாளும் கமராவும்

துணையாள் யாராக இருக்கலாம் என்றால், பொறுமையுள்ள எவரும். என் அனுபவத்தில் பன்னிரண்டு வயதுப் பேத்தி முப்பத்தைந்து வயது மகனைவிட நல்லவள். சொன்னதைச் செய்வாள், நோயாளியோடு சண்டை பிடிக்கமாட்டாள். ஆனால் நிற்கவும் நடக்கவும் வைக்கும் பரிசோதனைகளுக்கு, விழுந்தால் பிடிக்கக்கூடிய பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் இருந்த ஓர் அம்மாவின் அழைப்பைச் சொல்கிறேன். முழங்கால் தேய்வு, நீரிழிவு, வயது அறுபதைத் தாண்டியது. திரை திறந்ததும் முகம் மட்டும் தெரிந்தது. கல்யாண வீட்டுக்குப் போவது போலப் பவுடர் பூசி, பொட்டு வைத்திருந்தார். "அம்மா, முகம் அழகாக இருக்கிறது, எனக்கு இன்று முழங்கால்தான் வேண்டும்" என்றேன். பேத்தி தொலைபேசியைக் கையில் பிடித்ததால் படம் ஆடியது. அதை ஒரு பால்மாப் பேணியில் சாய்த்து, கதிரை இருக்கையின் உயரத்தில், பக்கவாட்டில் வைக்கச் சொன்னேன். யன்னல் பின்னால் இருந்தது, அம்மா கறுப்பு நிழலாகத் தெரிந்தார். கதிரையைத் திருப்பினோம். நைட்டி முழங்காலை மூடியிருந்தது, அதற்குள் ஒரு நீளக் காற்சட்டை போட்டுவரச் சொன்னேன். ஆண்களுக்குச் சாரத்தைவிடக் காற்சட்டையே நல்லது. இதற்கெல்லாம் எட்டு நிமிடம் போனது. முதல் அழைப்பில் அப்படித்தான் போகும். இரண்டாம் அழைப்பில் பேத்தி எல்லாவற்றையும் தானே வைத்திருந்தாள்.

பிறகு, கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து எழுந்து உட்காரச் சொன்னேன். பக்கவாட்டில் பார்க்கும்போது குதிகள் தரையை விட்டு எழும்புவது தெரிந்தது. பேணியை முன்னால் நகர்த்தினோம், இடது முழங்கால் உள்நோக்கிச் சரிவது தெரிந்தது. இவை கிளினிக்கிலும் தெரிந்திருக்கும். தெரிந்திராத ஒன்று, அவருக்குப் பின்னால் சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாய். "யாருடைய பாய் அம்மா?" என்றேன். அவருடையதுதான். கட்டிலைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கிறார். ஒவ்வொரு விடியலிலும் முழங்காலை முற்றாக மடித்து, ஊன்றி எழுகிறார். மூன்று மாதமாகக் கிளினிக்கில் நாங்கள் அவருக்குத் தொடைத் தசைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். பாயைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைய பயிற்சியை மாற்றி, தரையில் இருந்து எழுவதையே சொல்லிக் கொடுத்தேன். பக்கவாட்டில் புரண்டு, கைகளை ஊன்றி, முழங்கால்களுக்குக் கீழே தலையணை வைத்து, முன்னால் அசையாத முக்காலியைப் பிடித்து, வலிமையான காலை முதலில் முன்வைத்து எழும்ப வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு முதல் அழைப்பிலும், அனுமதி கேட்டுக்கொண்டு, நோயாளி படுக்கும் இடத்தையும் உட்காரும் இடத்தையும் படிக்கட்டையும் காட்டச் சொல்லுங்கள். குளியலறையைக் காட்டச் சொல்ல வேண்டாம். கொமட் உயரமா, தரை மட்டமா, பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாலே போதும்.

கையில்லாமல் அளப்பது

அளக்காமல் பயிற்சி கொடுத்தால், நான்கு வாரத்தின் பின் "கொஞ்சம் பரவாயில்லை மிஸ்" என்ற ஒரு வசனம்தான் மிஞ்சும். எழுந்து உட்காரும் சோதனையை 30 செக்கனுக்குச் செய்து எண்ணுங்கள். இருக்கை ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர் உயரம், கைகள் நெஞ்சில். 60 முதல் 64 வயதுவரையான பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலும், ஆணுக்கு 14க்குக் குறைந்தாலும் அது சராசரிக்குக் கீழே. எந்தக் கதிரையில் செய்தார் என்று எழுதிவைத்து, அடுத்த முறையும் அதே கதிரையில் செய்ய வையுங்கள்.

எழுந்து மூன்று மீற்றர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனைக்கு அளவுநாடா தேடி அலைய வேண்டாம். தரை ஓடு ஓரடி அகலம் என்றால் பத்து ஓடு, 60 சென்ரிமீற்றர் என்றால் ஐந்து ஓடு. முதியவருக்கு 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் அபாயத்தை மனதில் வையுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நடக்காமல் இதைச் செய்யவே கூடாது. படம் தாமதமாக வரும் என்பதால் நேரத்தையும் அந்த வீட்டில் இருப்பவரே எடுக்கட்டும்.

முழங்கால் மடங்கும் அளவுக்கு, கதிரையில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னால் இழுக்க வைத்து, பெருவிரல் நிற்கும் இடத்தில் சோக்கால் கோடு போடச் சொல்லுங்கள். பாகைக் கணக்கு நோயாளிக்கு எதையும் சொல்லாது. கோடு பின்னால் போவதை அவர் தானே பார்ப்பார். உறைந்த தோளுக்கு, முதுகுப்பக்கமாகக் கட்டைவிரல் எதுவரை எட்டுகிறது என்று பாருங்கள்: பின்பொக்கற்றா, நாரியா, அதற்கு மேலா?

வலது இடது என்ற வில்லங்கம்

முதல் வருடத்தில் நடந்தது. நான் திரைக்கு முன் நின்று வலது கையை உயர்த்திக் காட்டினேன். எதிரே இருந்தவர் கண்ணாடியைப் பார்ப்பது போல இடது கையை உயர்த்தினார். அவருடைய நோய்ப்பட்ட தோள் வலது. இரண்டு கிழமை நல்ல தோளுக்கு அருமையாகப் பயிற்சி செய்திருக்கிறார். இப்போது நான் வலது, இடது என்ற சொற்களையே விட்டுவிட்டேன். "தழும்பு இருக்கிற கால்", "மணிக்கூடு கட்டிய கை" என்று சொல்கிறேன். அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் ஒரு ரிப்பனைக் கட்டச் சொல்வேன். பதிவில் மட்டும் வலது, இடது எழுத வேண்டும்.

பயிற்சியைச் சொல்லும் மொழிக்கும் இதே கவனம் தேவை. நாம் கொடுக்கும் அச்சிட்ட தாள்களில் சில, "கணுக்காலை முதுகுப்புறமாக மடக்குக" என்று சொல்கின்றன. எழுதியவரைத் தவிர எவருக்கும் அது விளங்காது. "பாதத்தை உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள், பிறகு தையல் மெசினை மிதிப்பது போல அழுத்துங்கள்" என்றால் உடனே செய்கிறார்கள். தொடைத் தசையை இறுக்குவதற்கு, முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, "அதற்குள் ஒரு தேசிக்காய் இருக்கிறது, நசுக்குங்கள்" என்பேன். தோளுக்கு, "சுவரில் நண்டு ஏறுவது போல விரல்களை ஏற்றுங்கள்." உங்கள் நோயாளியின் சமையலறையும் தொழிலும் தெரிந்தால் இன்னும் நல்ல உவமைகள் கிடைக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவருக்குத் தையல் மெசின் எதற்கு?

காணொளி இல்லாமல் குரல் மட்டும் இருந்தால் மனம் சோர வேண்டாம். கூடவே எண்ணச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு" என்று அவர் சத்தமாக எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. உயர் குருதி அமுக்கம் உள்ளவர்களுக்கு அது முக்கியம். எண்ணும் குரல் தடுமாறினால் வேகம் கூடிவிட்டது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

எவ்வளவு, எதைக்கொண்டு

மூன்று பயிற்சிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆறு கொடுத்தால் ஒன்றும் செய்யமாட்டார்கள். பத்துத் தடவை, ஒவ்வொன்றிலும் ஐந்து செக்கன் பிடித்தல், காலையும் மாலையும் என்று தொடங்கலாம். பயிற்சியின்போது வலி சற்றுக் கூடலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்கச் சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பாரத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அரைக் கிலோ. 400 கிராம் பால்மாப் பக்கெட் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். அதைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் தொங்கவிடலாம். நீரிழிவுக்காரரின் பாதத்தில் மட்டும் பை உரசாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயம் வந்தால் அவருக்குத் தெரியாது.

பிளாஸ்டிக் கதிரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நின்றபடி செய்யும் பயிற்சிக்கு, "கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொல்லி, மெழுகு போட்ட சிவப்புத் தரையில் அந்தக் கதிரை வழுக்கிக்கொண்டு போய், ஓர் ஐயா அதனோடு சேர்ந்து போனார். சோபா பிடித்துக்கொண்டது, அடிபடவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து, நிற்கும் பயிற்சிக்குப் பிடிக்க வேண்டியது யன்னல் கம்பி அல்லது சமையலறை மேசைத் திட்டு. கதிரை என்றால் அதன் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும்.

படிக்கட்டு இருக்கும் மாடி வீடுகளில் அதையே பயிற்சியாக்கலாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். கைத்தடி நோகும் காலுக்கு எதிர்க் கையில். பாதிப்பேர் அதை நோகும் பக்கமே பிடித்திருப்பார்கள். திரையில் கூட முதல் அடியிலேயே அது தெரிந்துவிடும்.

அழைப்பை நிறுத்தி ஆளை வரச்சொல்ல வேண்டியவை

சத்திரசிகிச்சை முடிந்தவர்களிடம் ஒவ்வொரு முறையும் கெண்டைக்காலைப் பற்றிக் கேளுங்கள். ஒரு பக்கம் வீங்கி, சூடாகி, நோகிறது என்றால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். ஒரு நூலால் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் சுற்றி அளக்கச் சொல்லலாம். 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் வித்தியாசம் குறைவு என்பதற்காக வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நூல் உங்களுக்கு மேலதிகச் சாட்சி மட்டுமே. யாரும் எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது என்பதை முதல் நாளே, உருவிவிடக்கூடிய அந்தப் பெரியம்மாவை அழைத்து, அவரிடமே சொல்லிவிடுங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, திடீரென வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் 1990. காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மூட்டு, காயத்தில் சீழ், விழுந்தபின் கால் ஊன்ற முடியாமை என்றால் அன்றே வைத்தியசாலை. இரவில் ஓயாத வலியும் காரணமில்லாத மெலிவும் சேர்ந்திருந்தால், வைத்தியரிடம் நீங்களே பேசி முன்கூட்டியே நாள் எடுத்துக் கொடுங்கள். "போய்க் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருப்பார்கள்.

பாரிசவாதம் வந்தவரின் வீட்டாரிடம், தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொல்லுங்கள். தோள்மூட்டு இறங்கிவிடும். அன்போடு தூக்குகிறவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

எழுதுவதும் முடிப்பதும்

அழைப்பை வைக்குமுன், "நான் சொன்னதை எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பேத்தியிடமும் கேளுங்கள். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் மறுபடியும் விளக்குங்கள். பிறகு மூன்று பயிற்சியையும் குரல்பதிவாக அனுப்பிவிடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு உங்கள் தாளைவிட உங்கள் குரல் உதவும்.

பதிவில் திகதி, நேரம், குரலா காணொளியா, யார் உடனிருந்தார், எந்த முகவரியில் இருந்தார், அளவுகள், கொடுத்த பயிற்சி, அடுத்த நாள் ஆகியவை வர வேண்டும். "தொட்டுப் பரிசோதிக்கவில்லை" என்பதையும் தவறாமல் எழுதுங்கள். நாளைக்கு உங்கள் இடத்தில் வேறொருவர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது, எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு அழைப்புக்குத் தொடர்ச்சியாக வராதவரைத் திட்டாதீர்கள், ஒரு முறை நீங்களே விசாரியுங்கள். டேட்டா முடிந்திருக்கும், தொலைபேசி அடகில் இருக்கும், அல்லது வலி குறைந்திருக்கும். மூன்று அழைப்பிலும் அளவுகள் நகராவிட்டால் திரையை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நகர்ந்தாலும் ஆறாவது கிழமை ஒருமுறை நேரில் பாருங்கள். வரும்போது, வீட்டில் போட்டு நடக்கும் அதே செருப்பையும் தினமும் பிடிக்கும் அதே கைத்தடியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கிளினிக்குக்கு என்று நல்ல செருப்பு ஒன்றை வேறாக வைத்திருப்பார்கள்.